ஒலிமாற்றியின் பின்கட்டு

எண்களாகப் பதிவான இசையை மறுபடி மின்னலையாக்கித் தரும் டாக் என்ற கருவி புதிதாகக் கைக்கு வந்தால், அதன் மூடியைக் கழற்றி, மின்னலையைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் என்ற ஐ.சி. எங்கே இருக்கிறது என்று தேடுவது எங்கள் வட்டத்தில் ஒரு சடங்காகவே இருந்தது. எட்டுக் கால் ஐ.சி. சாக்கெட்டில் செருகியிருந்தால் முகம் மலரும். போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்திருந்தால் தயாரித்தவர் மேல் வருத்தம் வரும். 5532-ஐ எடுத்துவிட்டு 627 போட்டால் வயலின் இனிக்கும், 797 போட்டால் ஜால்ரா தெளியும், 4562 போட்டால் எல்லாம் துல்லியமாகும், ஆனால் ஈரம் போய்விடும் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குணம் சொல்லிவைத்திருந்தார்கள். அந்த ஆர்வத்தின் மேல் எனக்கு இன்றும் அன்பு உண்டு. வாங்கிய பொருளை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் திறந்து பார்த்து, இன்னும் நன்றாகச் செய்ய முடியுமா என்று கேட்டவர்கள் அவர்கள். ஆனால் அத்தனை ஆண்டுகளில் பார்த்ததையும் படித்ததையும் அளந்ததையும் சேர்த்து யோசிக்கும்போது எனக்கு உறுதிப்பட்டிருப்பது இது: டாக்கின் அனலாக் பகுதியைச் சீர்படுத்துவது பலன் தரும் வேலை, ஆனால் அந்த வேலையில் ஐ.சி.யை மாற்றுவதற்கு இருக்கும் பங்கு மிகச் சிறியது. டாக் சில்லு தரும் மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ளும் சுற்று, அந்தச் சில்லு கேட்கும் நிலைமைகளைக் கொடுக்கிறதா என்பதுதான் ஒலியை முடிவு செய்கிறது.

பழைய வீடுகளில் வந்தவர் பார்த்துப் பாராட்டுவது முன்கூடத்தை. வீடு நடப்பது பின்கட்டில். டாக் விற்பனையிலும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று முன்கூடத்துக்கே விளம்பரம் எல்லாம். வடிவமைத்தவர்களுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே பின்கட்டான அனலாக் பகுதியின் கவலை இருந்தது. 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி சிடிபி-101, இடம் வலம் இரண்டுக்கும் ஒரே மாற்றியைப் பகிர்ந்துகொண்டது. அதனால் ஒரு பக்கத்து ஒலி மற்றதைவிட ஏறக்குறைய 11 மைக்ரோ வினாடி பிந்தி வந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் வடிகட்டியில் இருந்தது. வினாடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்தால், 20 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு 24.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு போலி பிம்பம் உண்டாகும். முன்னதை முழுதாக விட்டுவிட்டு, பின்னதை அறவே தடுக்க வேண்டுமென்றால், அந்த நான்கு கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்குள் அனலாக் வடிகட்டி செங்குத்தாகச் சரிய வேண்டும். அப்படிப்பட்ட வடிகட்டிக்குப் பாகங்களும் அதிகம், அது அலையின் கட்டத்தைக் குலைப்பதும் அதிகம். பிலிப்ஸ் பொறியாளர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களிடம் இருந்தது டிடிஏ1540 என்ற 14 பிட் சில்லு. மாதிரிகளை எண் நிலையிலேயே நான்கு மடங்காக்கி, 176.4 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய், இரைச்சலையும் கேட்கும் எல்லைக்கு வெளியே தள்ளி, 14 பிட்டிலேயே 16 பிட்டுக்கு நிகரான தரத்தை எடுத்தார்கள். பிம்பங்கள் வெகு தொலைவுக்குப் போய்விட்டதால், மெல்லச் சரியும் மூன்றாம் படி வடிகட்டி ஒன்றே அனலாக் பக்கத்தில் போதுமானதாயிற்று. எண் பக்கத்தில் செய்த அவ்வளவு கணக்கும் அனலாக் பக்கத்தின் சுமையைக் குறைக்கவே என்பதை நான் இந்த வரலாற்றின் முக்கியமான செய்தியாக எடுத்துக்கொள்கிறேன்.

உயர்தர டாக் சில்லுகள் பலவற்றிலிருந்து வெளிவருவது மின்னழுத்தம் இல்லை, மின்னோட்டம். அரிசோனாவின் டூசானில் தொடங்கி, 2000-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் இணைந்த பர்-பிரவுனின் பெயர் தாங்கிய பிசிஎம்1794 இதற்கு நல்ல உதாரணம். அதன் ஒவ்வொரு வெளிவாயிலும் 7.8 மில்லிஆம்பியர் வீச்சில் ஆடுகிறது. நடுநிலையிலும் அந்த ஓட்டம் சுழி இல்லை, 6.2 மில்லிஆம்பியர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க, இசை அதன் மேல் ஏறி 2.3-க்கும் 10.1-க்கும் இடையே அசைகிறது. இந்த ஓட்டத்தை வாங்கி மின்னழுத்தமாக்கும் ஆப்-ஆம்ப், தன் உள்வாயிலை எந்நேரமும் தரையின் (கிரவுண்டின்) அழுத்தத்திலேயே பிடித்துவைக்க வேண்டும். அதைப் பிடித்துவைக்கும்போதே தன் வெளிவாயிலிலிருந்து பத்து மில்லிஆம்பியருக்கு மேல் கொடுக்கவும், 750 ஓம் ரெசிஸ்டரின் மேல் ஏழரை வோல்ட் வரை ஏறவும் வேண்டும். சாக்கெட்டில் எட்டுக் கால் பொருந்துகிறது என்பதற்காக, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஒரு ஐ.சி.யை அங்கே போட்டால், பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது திணறும். இரண்டு வாயில்களின் ஓட்டங்களும் தனித்தனியே மின்னழுத்தமாகி, பிறகு ஒன்றிலிருந்து மற்றது கழிக்கப்படும்போதுதான் அந்த நிலையான 6.2 மறைகிறது. கழிக்கும் ரெசிஸ்டர்கள் நான்கும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாவிட்டால் அது முழுதாக மறையாது. இரு பக்கத்துக்கும் பொதுவாக வரும் இரைச்சலும் மறையாது.

இந்தச் சில்லின் டேட்டாஷீட்டிலேயே என் வாதத்துக்கான வலுவான சான்று இருக்கிறது. 4.5 வோல்ட் வெளியீட்டில் 129 டெசிபல் வீச்செல்லை (டைனமிக் ரேஞ்ச்) என்று அதில் அறிவித்திருக்கிறார்கள். அந்த எண்ணை எந்தச் சுற்றில் அளந்தார்கள் என்பதையும் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மின்னோட்டத்தை மின்னழுத்தமாக்கும் இடத்தில் இருப்பது என்ஈ5534. கலிபோர்னியாவின் சிக்னெடிக்ஸ் 1970-களில் கொண்டுவந்த, கடையில் மிக மலிவாகக் கிடைக்கும், மாற்றம் செய்ய வந்தவர்கள் முதல் வேலையாகப் பிடுங்கிப் போட்ட 5532-இன் ஒற்றை வடிவமான ஐ.சி. தன் சில்லின் பெருமையைக் காட்ட விரும்பும் நிறுவனத்துக்கு விலை உயர்ந்த ஆப்-ஆம்ப் கிடைக்காமல் இல்லை. பர்-பிரவுனே ஓபிஏ627-ஐத் தயாரித்தது. இருந்தும் அந்த இடத்துக்கு 5534 போதும் என்று கண்டார்கள். ஏன் போதும் என்பதற்கு இயற்பியலும் ஒரு காரணம் சொல்கிறது. 2 வோல்ட் வெளியீட்டில் 24 பிட்டின் ஒரு படி ஏறத்தாழ 0.34 மைக்ரோ வோல்ட். அறை வெப்பத்தில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, வேறு எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே, 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் 0.57 மைக்ரோ வோல்ட் இரைச்சலை உண்டாக்குகிறது. ரெசிஸ்டரின் வெப்பமே 24-ஆவது பிட்டை மூடிவிடும்போது, ஆப்-ஆம்பின் இரைச்சலை 3.5 நேனோ வோல்ட்டிலிருந்து ஒன்றுக்குக் குறைப்பதில் கிடைக்கும் லாபம், சுற்றிலுள்ள ரெசிஸ்டர்களின் மதிப்பைக் குறைக்காதவரை கைக்கு வராது. அவற்றைக் குறைத்தாலோ ஆப்-ஆம்ப் இன்னும் அதிக ஓட்டம் கொடுக்க வேண்டியிருக்கும். ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசையும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு வேகத்தைப் பற்றியது. இரைச்சல் மட்டுமா தரம், இசையின் வேகமான எழுச்சிகளைப் பழைய ஐ.சி. பிடிக்குமா என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நல்ல பரம்பரை உண்டு. பின்லாந்தின் மத்தி ஒதலா 1970-இல் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களில் திடீர் எழுச்சியின்போது நேரும் திரிபைப் பற்றி எழுதினார். ஆப்-ஆம்ப்களின் வேக வரம்பைப் பற்றி அமெரிக்காவில் வால்ட் ஜங் விரிவாக ஆராய்ந்தார். ஆகவே கேள்வியைத் தள்ளிவிடாமல் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 வோல்ட் அளவில், 20 கிலோஹெர்ட்ஸில், ஒரு சைன் அலைக்குத் தேவைப்படும் உச்ச வேகம் மைக்ரோ வினாடிக்கு 0.36 வோல்ட். 5532 தருவது 9 வோல்ட், இருபத்தைந்து மடங்கு. கடைசியில் நிற்கும் பஃபரைப் பொறுத்தவரை வேகத்தைப் பற்றிய கவலைக்கு இடமே இல்லை. ஆனால் மின்னோட்டம் மின்னழுத்தமாகும் இடத்தில் கதை வேறு. அங்கே மறுப்பாளர்கள் பக்கம் உண்மை இருக்கிறது. டாக் சில்லு ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது நேனோ வினாடிகளில். அவ்வளவு குறுகிய நேரத்தில் எந்த ஆப்-ஆம்பின் பின்னூட்டமும் விழித்துக்கொள்வதில்லை. 10 மெகாஹெர்ட்ஸ் எல்லை கொண்ட 5534-இன் உள்வாயில் அந்த நொடித்துகளில் தரையின் அழுத்தத்தில் நிற்காது. ஓட்டம் முழுவதும் பின்னூட்டக் கெப்பாசிட்டர் வழியாக ஆப்-ஆம்பின் வெளிவாயிலுக்குப் பாய்கிறது. அங்கே நல்ல கெப்பாசிட்டர் இருக்கிறதா, கால்களுக்கு ஒட்டியே அமைந்திருக்கிறதா, மின்சாரம் வரும் கால்களுக்கு அருகிலேயே சேமிப்பு இருக்கிறதா, திரும்பும் ஓட்டத்துக்குத் தரையில் குறுகிய வழி உண்டா என்பவைதான் அந்தக் கணத்தைத் தாங்குகின்றன. வேகமான ஐ.சி. இங்கே உதவக்கூடும். ஆனால் தன் வேகத்துக்கு ஏற்ற போர்டில் இருந்தால்தான் உதவும்.

பழைய ஐ.சி.க்காக வரையப்பட்ட போர்டில், ஒரு சாக்கெட்டின் மேல் இன்னொரு சிறு போர்டை அடுக்கி, அதில் வேகமான ஒன்றைச் செருகினால் பல நேரம் அது அலைபாயத் தொடங்கும். பல மெகாஹெர்ட்ஸில் நடக்கும் அந்த அலைவு காதுக்குக் கேட்காது, ஐ.சி. சூடாகும், கேட்கும் எல்லைக்குள் திரிபு கூடும். அதைக் கூடுதல் விவரம் என்றும் பளிச்சென்ற ஒலி என்றும் வருணித்தவர்கள் உண்டு. ஆசிலோஸ்கோப்பின் முனையை வைத்துப் பார்க்காமல் அந்த வருணனையை நான் நம்புவதில்லை. 5534-க்கு ஐந்தாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவே 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருப்பது வழக்கம். குறைந்த பெருக்கத்தில் அது நிலையாக நிற்க அந்தத் துளி வேண்டும். ஏடி797-இல் அதே இரண்டு கால்களுக்கும் வேறு வேலை. ஐ.சி.யை மட்டும் மாற்றிவிட்டுக் கெப்பாசிட்டரை விட்டுவைத்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதற்கும் 797-இன் தரத்துக்கும் தொடர்பே இல்லை. இதோடு போலிகளின் தொல்லையும் சேர்ந்தது. 627-இன் விலை ஏறஏற, அதே எழுத்துகளைப் பொறித்த மலிவான சில்லுகள் சந்தையில் புகுந்தன. உறையை நீக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே வேறொரு ஐ.சி. இருக்கும். அதைக் கேட்டும் 627-இன் குணங்களை வருணித்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஐ.சி.யே வேண்டாம், ஒரு ரெசிஸ்டர் போதும் என்று சொன்ன இன்னொரு கூட்டமும் இருந்தது. பிலிப்ஸின் டிடிஏ1541ஏ சில்லைக் கொண்டாடியவர்கள் அவர்கள். 16 பிட், முழு ஓட்டம் 4 மில்லிஆம்பியர். அந்த ஓட்டத்தை ஒரு ரெசிஸ்டர் வழியே தரைக்கு விட்டு, அதன் மேல் எழும் சிறு மின்னழுத்தத்தை வால்வு ஒன்றால் பெருக்கினார்கள். பின்னூட்டமே இல்லாத எளிமையான பாதை என்பது அதன் கவர்ச்சி. அந்த எளிமையின் அழகை நான் உணர்கிறேன். ஆனால் அந்தச் சில்லின் டேட்டாஷீட், வெளிவாயிலின் மின்னழுத்தம் 25 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருபுறமும் அசையக் கூடாது என்கிறது. அதற்கு உட்பட வேண்டுமானால் ரெசிஸ்டர் 12 ஓமைத் தாண்ட முடியாது. அங்கிருந்து 2 வோல்ட்டுக்குப் போக நூறு மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும், அதோடு வால்வின் இரைச்சலும் பெருகும். அதைத் தவிர்க்க 50, 100 ஓம் என்று போட்டார்கள். 100 ஓமில் அசைவு 200 மில்லிவோல்ட், அனுமதித்ததைப்போல் எட்டு மடங்கு. சில்லுக்குள் ஓட்டத்தைப் பிரித்தாளும் டிரான்சிஸ்டர்கள் அப்போது தங்கள் வரம்புக்கு வெளியே இயங்குகின்றன. மாதிரிகளைப் பெருக்கும் எண் வடிகட்டியையும் சிலர் நீக்கிவிடுவார்கள். நீக்கினால் 20 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3.2 டெசிபல் குறைவது வெறும் கணிதம். மென்மை, இதம் என்று அவர்கள் சொன்னது கற்பனை இல்லை. மேல்சுரங்கள் மங்கி, திரிபு கூடிய ஒலி அப்படித்தான் இருக்கும், அது பிடித்துப்போகவும் செய்யும். பிடித்ததை வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. அதைப் பதிவில் இருந்த உண்மை என்று சொல்லும்போதுதான் நான் ஒத்துக்கொள்ள மறுக்கிறேன். ஒரு தம்புராவின் நாதம் தேயும் விதத்தைப் பதிவு செய்தவர் எப்படிக் கேட்டாரோ அப்படி நமக்குத் தர வேண்டியது டாக்கின் வேலை. அதற்கு இனிமை சேர்ப்பது அதன் வேலையில் சேராது.

அளவீடு எல்லாவற்றையும் சொல்லிவிடுமா, காது சொல்வதற்கு மதிப்பில்லையா என்பது கடைசியாக வரும், எல்லாவற்றிலும் உணர்ச்சி மிகுந்த மறுப்பு. காதுக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் காதை நேர்மையான சூழலில் வைக்க வேண்டும் என்கிறேன். ஐ.சி.யைக் கழற்றி வேறொன்றைச் சால்டர் செய்து முடிக்க அரை மணி நேரமாவது ஆகும்; ஒலியின் நுட்பங்களை நினைவு அவ்வளவு நேரம் தாங்குவதில்லை. மாற்றத்தின்போது ரெசிஸ்டர்களையும் சேர்த்து மாற்றியிருந்தால் ஒலியின் அளவே சற்று கூடியிருக்கும். 5 சதவீத வேறுபாடு 0.4 டெசிபல். அந்தச் சிறு கூடுதலைக் காது உரத்த ஒலி என்று உணராது. தெளிவு என்றும் உயிர்ப்பு என்றும் உணரும். ஆகவேதான் டேவிட் கிளார்க் 1982-இல் ஒலிப்பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் விவரித்த இருமறைவு ஒப்பீட்டு முறை போன்றவை வந்தன. எது ஓடுகிறது என்று கேட்பவருக்கும் தெரியாது, நடத்துபவருக்கும் தெரியாது, அளவு 0.1 டெசிபலுக்குள் பொருத்தப்பட்டிருக்கும். அதே இதழில் 2007-இல் மேயரும் மோரனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தெளிவுப் பதிவுகளை நேராகவும், சிடி தரத்துக்குக் குறைத்து மீண்டும் விரித்தும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். அவர்கள் பயன்படுத்திய பதிவுகளில் சில உண்மையில் உயர்தெளிவு இல்லை என்ற விமர்சனம் பின்னால் எழுந்தது. அது நியாயமான விமர்சனம். 2016-இல் ஜோஷுவா ரைஸ் பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது 52.3 சதவீதம் சரி என்று வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது கூடியது. ஏதோ கேட்கிறது என்பதை நான் ஏற்கிறேன். இவை ஆப்-ஆம்ப் பற்றிய சோதனைகள் இல்லை என்பதும் சரியே. ஆனால் முழுத் தரத்தையும் சிடிக்குக் குறைத்தபோதே ஐம்பதைச் சற்றுத்தான் தாண்ட முடிந்தது என்றால், ஒரு ஐ.சி.யை மாற்றியதும் திரை விலகியது என்று சொல்பவர்தான் அதைக் கண்ணை மூடிக் கேட்டு நிறுவ வேண்டும்.

அப்படியானால் பெட்டியைத் திறக்கவே வேண்டாமா என்றால், கட்டாயம் திறக்கலாம். கை வைக்கும் இடத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். மின்னோட்ட வகைச் சில்லுகளில் வெளிவரும் ஓட்டத்தின் அளவை ஒப்பீட்டு மூலம் (ரெஃபரன்ஸ்) ஒன்று தீர்மானிக்கிறது. அதில் இரைச்சல் இருந்தால் அது இசையோடு பெருக்கப்பட்டே வெளிவரும். பாட்டு நின்றதும் அதுவும் நின்றுவிடும். ஆகவே மௌனத்தில் அளந்தால் எண்கள் அழகாக இருக்கும், இசை ஓடும்போது மட்டும் அழுக்கு சேரும். ஆப்-ஆம்புக்கு வரும் மின்சாரத்தில் சற்று இரைச்சல் இருந்தாலும் ஆப்-ஆம்ப் தானே அதைப் பெருமளவு தடுத்துவிடும். ஒப்பீட்டு மூலத்துக்கு அந்தக் காவல் இல்லை. மேம்பாட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு அந்த மூலத்தின் சுத்தமான மின்சாரத்துக்குப் போக வேண்டும் என்பது என் தீர்ப்பு. வடிகட்டியில் விலை குறைந்த சாதாரணப் பீங்கான் கெப்பாசிட்டர்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துவிட வேண்டும். மின்னழுத்தம் ஏறினால் அவற்றின் கொள்ளளவு குறைகிறது. வடிகட்டியின் எல்லை இசையோடு சேர்ந்து ஆடுகிறது. அந்த இடத்தில் ஃபிலிம் வகையோ, அப்படி மாறாத சிஓஜி வகைப் பீங்கானோ போட்டால் திரிபு குறைவதை அளவுக் கருவியிலேயே பார்க்கலாம். இருபது முப்பது ஆண்டு வயதான கருவிகளில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் உலர்ந்திருக்கும். மாற்றியதும் ஒலி திருந்தும். அங்கே நடந்தது மேம்பாடா பழுதுபார்ப்பா என்று வாதிடுவதில் எனக்கு ஆர்வமில்லை, பலன் உண்மையானது.

தரை இணைப்பைப் பற்றி எங்கள் வட்டத்தில் மிகக் குறைவாகவே பேசினார்கள் என்பது எனக்கு வருத்தமான நினைவு. நம் ஊரின் பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், எர்த் கம்பி இருக்காது. கம்ப்யூட்டரின் ஸ்விட்ச்-மோட் சப்ளை தன் இரைச்சலை எர்த்துக்கு விட முயன்று, வழி கிடைக்காமல், யூஎஸ்பி கேபிளின் உறை வழியாக டாக்குக்கும், அங்கிருந்து ஆர்சிஏ கேபிளின் உறை வழியாக ஆம்ப்ளிஃபயருக்கும் அனுப்பும். அந்த உறைதான் இசைக்கும் திரும்பும் வழி. உறையின் இரு முனைகளுக்கும் நடுவே எழும் அழுத்தம் நேராக இசையோடு கூடிவிடும். சில மைக்ரோ வோல்ட்டுக்காக ஐ.சி. தேடிய வீட்டில் மில்லிவோல்ட் கணக்கில் அது நுழைந்துகொண்டிருக்கும். எந்த ஆப்-ஆம்பாலும் அதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் அது ஆப்-ஆம்பைத் தாண்டியபின் சேர்கிறது. டாக்கிலும் ஆம்ப்ளிஃபயரிலும், இசை உறை வழியாகத் திரும்பாத எக்ஸ்எல்ஆர் இணைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து ஒழுங்கான எர்த் போடச் சொல்லி, எல்லாப் பெட்டிகளையும் ஒரே பிளக் போர்டிலிருந்து இயக்க வேண்டும்; சால்டரிங் அயர்னைச் சூடாக்குவது அதற்குப் பிறகு.